சிவப்பு நூலில் கையெழுத்து

எங்கள் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் கறார் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், மேஸ்திரி உட்பட. முகத்துக்கு நேராகவே கூப்பிடலாம். கோபித்துக்கொள்ள மாட்டாள். "கறாராத்தானே இருக்கேன், அப்புறம் என்ன?" என்பாள். எங்களுடையது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகள் போடுகிற பச்சை அங்கி எல்லாம் தள்ளுவண்டியில் அழுக்காக வரும், கட்டுக் கட்டாகத் திரும்பிப் போகும். நான் துவைக்கிற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள். அவள் பதினோரு வருஷமாக இஸ்திரி மேசையில் நிற்பவள். அவள் கட்டிய துணிக்கட்டுக்குள் ஒரு சுருக்கம் என்று எந்த வார்டிலிருந்தும் புகார் வந்ததில்லை. வந்திருந்தால் புகார் சொன்னவர் பாடு திண்டாட்டம்தான்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை நான் பூசி மெழுகிச் சொல்ல வேண்டியதில்லை, அவளே ஒளித்ததில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். முதல் வகுப்பில் ஒரு வருஷம் இருந்தாள். "இது தேறாது" என்று அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைத்தார்கள். கூட இருந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட, தன்னைவிடச் சின்னதுகளோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க அவமானமாக இருந்ததாம். மூன்றாவது வருஷம் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்தும் யாரும் கேட்கவில்லை, ஏன் போகவில்லை என்று வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

"அன்னைக்கு எனக்காக யாராவது ஒருத்தர் வந்து, ஏன் எங்க புள்ளைய உட்கார வெச்சீங்கன்னு ஒரு சண்டை போட்டிருந்தா போதும்," என்று ஒரு முறை என்னிடம் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஒரு தலையணை உறையை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள்.

அவளுக்கு ஒரே மகள். நாங்கள் பொடிசு என்போம். பெயருக்கு ஏற்ற உருவம், வாய் மட்டும் பெரிசு. அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார், அந்த நாலு நாளும் தூங்குவார். அதனால் பொடிசு பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சலவைக்கூடத்துக்கு வந்துவிடும். முதல் வகுப்பிலிருந்தே வழக்கம் அதுதான். இஸ்திரி மேசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பழைய வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

பொடிசு இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு புதுத் திட்டம் வந்தது. குழந்தை தினமும் இருபது நிமிஷம் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டதற்கு அடையாளமாக வாசிப்பு நோட்டில் அன்றைய பெட்டியில் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை அச்சடித்த தாளில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி கிடையாது. இருந்திருந்தாலும் அவர்களால் அதைப் படித்திருக்க முடியாது. இதை யோசித்த மகராசர் யாரோ, அவர் கையில் ஒரு வாரம் என் இயந்திரத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

தாளை நான்தான் படித்துக் காட்டினேன். ஐந்தாவது வரை படித்தவள் நான்.

"நான் வேணா கையெழுத்துப் போட்டுடறேன்க்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"அவ படிக்கிறப்ப நீயா உட்கார்ந்து கேக்கப்போறே?"

"மெஷினை விட்டுட்டு நான் எங்க வர்றது?"

"அப்ப கேக்காதவ எதுக்குக் கையெழுத்துப் போடணும்? கேக்கப்போறது நான். நானே போடுவேன்."

எப்படிப் போடுவாள் என்று எனக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலம் பார்த்தேன். எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இஸ்திரி போட்டு இருபது இருபதாகக் கட்டிய விரிப்புக் கட்டின் முடிச்சில், கட்டியவள் தன் நிறத்து நூலால் இரண்டு தையல் போட வேண்டும். ஒருத்திக்கு நீலம், ஒருத்திக்கு மஞ்சள், கறார் அக்காவுக்குச் சிவப்பு. வார்டில் குறை என்றால் நூலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நூல் கோத்த ஊசி எப்போதும் அவள் வேலை அங்கியின் கழுத்துப்பட்டியில் குத்தியிருக்கும். அதை எடுத்து வாசிப்பு நோட்டின் முதல் பெட்டியில், காகிதத்திலேயே, இரண்டு சிவப்புத் தையல் போட்டாள். "நான் பொறுப்புன்னு சொல்ல எனக்குத் தெரிஞ்ச கையெழுத்து இதுதான்," என்றாள்.

சரி, படிக்கத் தெரியாதவள் குழந்தை சரியாகப் படிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. பொடிசுக்குச் சந்தேகமே இல்லை, அம்மாவை ஏமாற்றிவிடலாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு கட்டிவிட்டது. ஒரு நாள் பாடத்தில் படகுப் படம் இருந்தது. படத்தைப் பார்த்து, படகில் ஆறு பேர் போனார்கள், மழை வந்தது, பாட்டுப் பாடினார்கள் என்று சரளமாக அளந்துவிட்டது. கறார் அக்கா இஸ்திரியை நிறுத்தாமல் உம் கொட்டிக் கேட்டாள். மறுநாள் முதல் வேலையாக, "நேத்துப் படிச்ச பக்கத்தை எடு," என்றாள். பொடிசு மறுபடியும் அளந்தது. இந்தத் தடவை படகில் இரண்டு பேர்.

"மீதி நாலு பேர் எங்கடி? தண்ணியில முழுகிட்டாங்களா?"

கூடம் முழுக்கச் சிரித்தோம். பொடிசு அழுதது. கறார் அக்கா சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அதுவே சட்டமாகிவிட்டது. இன்றைக்குப் படித்த பக்கத்தை நாளைக்கும் படிக்க வேண்டும். ஒரு வார்த்தை மாறினாலும் பிடித்துவிடுவாள். எத்தனை வார்டு, எந்த வார்டுக்கு எத்தனை உறை என்று எழுதி வைக்காமலே தலையில் வைத்திருக்கிறவளுக்கு ஒரு பக்கப் பாடமா பெரிசு? "நேத்து யானை மெதுவா நடந்து வந்துச்சு. இன்னைக்கு வெறுமனே வந்துச்சுங்கறே. நடந்ததை ஏன் முழுங்கினே? திரும்பப் படி." பதினைந்து நாளில் பொடிசுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. பொய்யாகப் படித்தால் அந்தப் பொய்யை வார்த்தை பிசகாமல் மறுநாள் வரை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பாடு படுவதற்கு ஒழுங்காகவே படித்துத் தொலைத்துவிடலாம்.

இதிலே ஒரு தப்பும் நடந்தது. அது அவள் தப்பு மட்டும் இல்லை, எங்கள் எல்லோருடைய தப்பும்தான். இஸ்திரி மேசையில் மடித்த துணியை மடித்தவள் தன் பக்கம் பார்த்து வைக்கக் கூடாது. எதிரே நின்று சரி பார்க்கிறவள் பக்கம் பார்த்து வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. கறார் அக்கா புத்தகத்துக்கும் அதையே செய்தாள். சரி பார்க்கிறவள் அவள், அதனால் புத்தகம் அவளைப் பார்த்து இருந்தது. எதிரே வாளியில் உட்கார்ந்த பொடிசுக்கு எழுத்தெல்லாம் தலைகீழ். முதல் வகுப்பில் முதல் எழுத்திலிருந்தே அப்படித்தான். விரல் வலமிருந்து இடமாக ஓடும், வாய் கடகடவென்று படிக்கும். வருஷக்கணக்கில் துணியை அப்படியே வைத்துப் பழகிய எங்களில் ஒருத்தி கண்ணுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் தெரிந்தது. ஆனால் வேறு மாதிரி தெரிந்தது. வகுப்பு டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு, "கையெழுத்துப் பேனாவில் மட்டுமே ஏற்கப்படும், நோட்டைச் சேதப்படுத்த வேண்டாம்" என்று எழுதி அனுப்பினார். நான் படித்துக் காட்டினேன். கறார் அக்கா கேட்டுக்கொண்டாள், அன்றைய பெட்டியில் வழக்கம்போல இரண்டு தையல் போட்டாள். இன்னும் இரண்டு தடவை அதே வரி வந்தது. இன்னும் இரண்டு பக்கம் தையல் ஏறியது. வருஷக் கடைசியில் அந்த நோட்டை மூட முடியாது, நூல் முடிச்சுகளில் உப்பிப்போய்க் கிடந்தது.

கடைசி மாதம் ஒரு கடிதம் வந்தது. குழந்தை வாசிப்பில் பின்தங்கியிருப்பதால் இரண்டாம் வகுப்பிலேயே இன்னும் ஒரு வருஷம் வைக்க இருப்பதாகவும், பெற்றோர் நேரில் வந்து ஒப்புதல் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. படித்து முடித்து நிமிர்ந்தால் தீய்ந்த வாடை. கறார் அக்காவின் கை விரிப்பின் மேல் அப்படியே நின்றுவிட்டது. இஸ்திரியைத் தூக்கினால் அடியில் பழுப்பாக ஒரு முக்கோணம். பதினோரு வருஷத்தில் அவள் கருக்கிய முதல் துணி அது.

"என்னையும் இப்படித்தான் உட்கார வெச்சாங்க," என்றாள். குரல் உடைந்திருந்தது. உடைந்த குரலை ஒரே நிமிஷத்தில் விழுங்கிவிட்டு, "இவளை உட்கார வைக்க விடமாட்டேன். அது யாரா இருந்தாலும் சரி," என்றாள்.

மறுநாள் மேஸ்திரியிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வேலை அங்கியைக்கூடக் கழற்றவில்லை. நானும் கூடப் போனேன், கைகலப்பு ஆனால் பிடித்து இழுக்க ஒரு ஆள் வேண்டுமே.

பெரிய டீச்சரின் அறையில் ஒரு மேசை, அதற்கு அந்தப் பக்கம் அவர், பக்கத்தில் நின்றபடி வகுப்பு டீச்சர். இந்தப் பக்கம் பொடிசோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர். நாற்காலி ஒன்றுதான் இருந்தது, கறார் அக்கா உட்காரவில்லை.

"உங்களைக் குறை சொல்றதுக்குக் கூப்பிடலம்மா," என்றார் பெரிய டீச்சர். நல்ல இனிமையான குரல். எனக்கு அந்த மாதிரிக் குரலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

வகுப்பு டீச்சர் ஒரு பாடப்புத்தகத்தைப் பொடிசிடம் கொடுத்தார். பொடிசு வாங்கியதும் சட்டென்று தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா?" என்றார் டீச்சர்.

"எதைப் பாக்கணும்?" என்றாள் கறார் அக்கா.

"புத்தகத்தை எப்படிப் பிடிக்கிறதுன்னுகூடத் தெரியல. பாடத்தைச் சொல்லுவா, ஆனா அதெல்லாம் கேட்டு மனப்பாடம் பண்ணினது. நேரா பிடிச்சுக் கொடுத்தா திக்கித் திணறி நிக்கறா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இஸ்திரி மேசையும் கவிழ்த்த வாளியும் கண் முன்னால் வந்து நின்றன. "ஐயோ டீச்சர், அது எங்க மேசையில..." என்று ஆரம்பித்தேன்.

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். "நீங்க குழந்தைக்கு என்ன வேணும்?"

"சித்தி மாதிரி."

"மாதிரி எல்லாம் இங்க பேச முடியாதும்மா. அம்மா பேசட்டும்." சொல்லிவிட்டு, தன் முன்னால் இருந்த ஒரு தாளில் கடைசியாக ஒரு வரியை எழுதி முடித்தார். மை அட்டையைத் திறந்து கறார் அக்கா பக்கம் தள்ளினார். "இதுல ஒரு கைரேகை வெச்சிட்டீங்கன்னா போதும்."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"வழக்கமான படிவம்தான். குழந்தையோட நல்லதுக்குன்னு எழுதியிருக்கு."

கண்ணாடியை நான் சலவைக்கூடத்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. தாள் பெரிய டீச்சரைப் பார்த்து இருந்தது, எங்களுக்குத் தலைகீழ். பொடிசு மட்டும் மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தது. விரல் மெல்ல நீண்டது. வலமிருந்து இடமாக நகர ஆரம்பித்தது.

"தாய்க்கு எழுத்தறிவு இல்லை," என்று படித்தது பொடிசு. சலவைக்கூடத்தில் இயந்திர இரைச்சலுக்கு மேல் படித்துப் பழகிய குரல், அறை முழுக்கக் கேட்டது. "வீட்டில் குழந்தையைப் படிக்க வைக்க யாரும் இல்லை. எனவே இரண்டாம் வகுப்பிலேயே மீண்டும் வைக்கப் பரி... பரிந்... பரிந்துரைக்கிறேன்."

பெரிய டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. கறார் அக்காவின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. பெற்ற மகள் வாயாலேயே இதைக் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்று இருந்தது.

கறார் அக்கா அசையவில்லை. "இன்னொரு தடவை படி," என்றாள்.

பொடிசு அம்மாவை நிமிர்ந்து பார்த்தது. மறுபடியும் முதலிலிருந்து படித்தது. எழுத்தறிவு இல்லை. யாரும் இல்லை. இந்தத் தடவை பரிந்துரைக்கிறேன் என்பதில் தடுமாறவில்லை.

"ஒரு வார்த்தை மாறலை," என்றாள் கறார் அக்கா. "சரியாத்தான் படிக்கிறா." பிறகு பெரிய டீச்சர் பக்கம் திரும்பினாள். "இதை நீங்க இப்பத்தான் எங்க கண்ணு முன்னால எழுதி முடிச்சீங்க. இதை நான் எப்ப அவளுக்கு மனப்பாடம் பண்ணி வெச்சேன்? சொல்லுங்க."

வகுப்பு டீச்சர் தன் கையிலிருந்த ஒரு கோப்பைத் திறந்து ஏதோ ஒரு பக்கத்தைப் பொடிசுக்குத் தலைகீழாகக் காட்டினார். அது வேறு யாருக்கோ வந்த சுற்றறிக்கை. பொடிசு அதையும் நாலு வரி கடகடவென்று படித்தது. இப்போது நான் மேசை, வாளி, துணி வைக்கிற வழக்கம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். இந்தத் தடவை நான் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை.

"மேடம், இவ படிக்கிறா," என்றார் வகுப்பு டீச்சர் மெதுவாக. "என் வகுப்புல பாதிப் பேரைவிட நல்லாவே படிக்கிறா. நான்தான் சரியா பாக்கல." அதைச் சொல்ல அவருக்கு மனசு வந்ததே, அதற்காக அவரை மன்னித்தேன். கொஞ்சம்தான்.

பெரிய டீச்சர் தாளை எடுத்துக் கிழிக்கப் போனார். கறார் அக்கா அதன் மேல் கையை வைத்தாள்.

"கிழிக்காதீங்க. கிழிச்சா நீங்க எழுதவே இல்லைன்னு ஆயிடும். முதல் வரி இருக்கட்டும், அது உண்மை. எனக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டாவது வரி பொய். அதை அடிங்க."

"அம்மா, நான் சொல்றது என்னன்னா..."

"தினமும் இஸ்திரிச் சூட்டுல நின்னுக்கிட்டு ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ரெண்டு தடவை கேட்டேன். இருநூறு நாளுக்கு மேல. அந்த நோட்டுல நூல் நூலா இருக்கு, பிரிச்சுப் பாருங்க. எழுத்துத் தெரியாது, ஒத்துக்கறேன். யாரும் இல்லைன்னு எழுத நீங்க யாரு? நான் இருக்கேன்ல? உங்க எதிர்லதானே நிக்கறேன்?"

நான் அவள் கையைப் பிடிக்கத்தான் கூட வந்திருந்தேன். பிடிக்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, கை தட்டலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

பெரிய டீச்சர் பேனாவை எடுத்தார். அடித்தார். கீழே வேறு எழுதினார். எழுத எழுத, யாரும் சொல்லாமலே, பொடிசு எதிர்ப்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வந்தது. "தாய் தினமும்... படிக்க வைக்கிறார். மூன்றாம் வகுப்புக்கு... அனுப்பலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. முற்றுப்புள்ளி வெச்சிட்டாங்க."

மை அட்டை மறுபடியும் முன்னால் வந்தது. கறார் அக்கா அதைத் தள்ளி வைத்தாள். கழுத்துப்பட்டியிலிருந்து ஊசியை எடுத்தாள்.

"படிவத்துல எல்லாம் தைக்கக் கூடாதும்மா," என்றார் பெரிய டீச்சர். குரலில் பழைய இனிமை கொஞ்சம் குறைந்திருந்தது.

"பொடிசு, இதுல தைக்கக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா, பாரு."

பொடிசு தாளை மேலிருந்து கீழ் வரை, கறாராக, பார்த்தது. "போடலம்மா."

இரண்டு தையல். பல்லால் நூலைக் கடித்தாள். பெரிய டீச்சர் தாளைக் கோப்பில் வைத்தார்.

வாசல் வரை வகுப்பு டீச்சர் கூட வந்தார். தயங்கித் தயங்கி, "இனிமே புத்தகத்தை அவ பக்கம் திருப்பி வெச்சுப் படிக்க வைங்கம்மா. நேரா படிக்கவும் பழகிடுவா," என்றார்.

"வைக்கறேன் டீச்சர். ஆனா தலைகீழா படிக்கிறதையும் விடச் சொல்ல மாட்டேன்," என்றாள் கறார் அக்கா. "மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கறவங்க நம்மளைப் பத்தி என்ன எழுதறாங்கன்னு அவளுக்குத் தெரியணும்." பொடிசின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள், அரை நாள் வேலை பாக்கி இருந்தது.